உண்ணியின் வயிற்றில் ஒரு நச்சுக் கிடங்கு

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு உண்ணி பிடுங்குவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் மாடு படுத்து அசைபோடும் நேரத்தில் காது மடல், அலைதாடி, மடிக்கும் தொடைக்கும் நடுவில், வாலின் அடி என்று கைவிட்டுத் தடவித் தேடுவார் என் பாட்டி. ஆமணக்கு விதை மாதிரி ஊதிக் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுவார். ஆமணக்கு என்ற உவமை பாட்டியுடையது மட்டுமில்லை. ஆமணக்குக்குத் தாவரவியலில் ‘ரிசினஸ்’ என்று பெயர். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு உண்ணி என்றே பொருள். ரோமாபுரியிலும் யாரோ ஒருவர் மாட்டின் காதைத் தடவிப் பார்த்திருக்கிறார்.

இப்போது அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. கால்நடை மருந்துக் கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்கி, லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்று கலந்து, துணியில் நனைத்து மாட்டைத் துடைத்துவிடுகிறோம். முதல் வருஷம் உண்ணி பொலபொலவென்று உதிரும். சில வருஷம் போனால் அதே மருந்து, அதே அளவு, உண்ணி மட்டும் அசையாது. கடைக்காரரிடம் போய் நின்றால், “உண்ணிக்கு மருந்து பழகிப்போச்சுங்க, வேற தரேன்” என்பார். மருந்தில் கலப்படம் என்று திட்டுகிறவர்களும் உண்டு. கலப்படம், அளவு குறைத்துக் கலப்பது எல்லாம் நடக்கிறதுதான். ஆனால் நல்ல மருந்தைச் சரியான அளவில் அடித்தும் சாகாத உண்ணிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவற்றின் உடம்புக்குள், கண்ணுக்குத் தெரியாத செல்களுக்குள், என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பள்ளிக்கூட அறிவியல் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். உண்ணியைப் பூச்சி என்று சொல்வது வழக்கம். பூச்சிக்கு ஆறு கால். வளர்ந்த உண்ணிக்கு எட்டு. சிலந்தியும் தேளும்தான் அதன் சொந்தக்காரர்கள். (முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு கால் இருக்கும், அதனால்தான் குழப்பம்.) நான் இங்கே பேசுவது மாட்டு உண்ணியைப் பற்றி. அறிவியல் பெயர் ‘ரைபிசெபலஸ் மைக்ரோப்ளஸ்’. இதன் பூர்வீகம் தெற்கு, தென்கிழக்கு ஆசியா, அதாவது நம் பக்கம்தான். திமில் மாடுகளோடு கப்பலேறிப் போய் வெப்ப நாடுகளிலெல்லாம் பரவிவிட்டது. 1872-ல் இந்தோனேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கு இறக்கிய மாடுகளோடு அந்தக் கண்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரத்தம் குடிப்பதோடு நிற்காமல் பேபீசியா, அனாபிளாஸ்மா போன்ற நோய்க்கிருமிகளையும் மாட்டுக்கு ஏற்றிவிடும்.

குஞ்சாக மாட்டின் மேல் ஏறினால் ஏறத்தாழ மூன்று வாரம் அதே மாட்டில்தான் வாசம். கடைசி நாட்களில் பெண் உண்ணி வயிறு முட்டக் குடித்து, பழைய எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் பெருத்து, கீழே விழும். இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். இந்த முட்டைக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழகுவது யார்?

“பழகிப்போச்சு” என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. தினம் ஒரு மிளகாய் கூடக் கடித்துக் காரத்துக்குப் பழகுகிற மனிதனைப் போல, ஓர் உண்ணி மருந்து குடித்துக் குடித்து அதற்குப் பழகுவதில்லை.

ஒரு மாட்டில் ஆயிரம் உண்ணி இருப்பதாக வையுங்கள். மரபணுவை நகலெடுக்கும்போது எப்போதாவது எழுத்துப்பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆயிரத்தில் ஒன்றுக்கு மட்டும், தற்செயலாக, மருந்தைத் தாங்குகிற மாதிரி ஒரு பிழை. மருந்தே அடிக்காத காலத்தில் அந்த ஒன்றுக்கு எந்தச் சிறப்பும் கிடையாது. மருந்து அடித்த அன்று 999 விழுந்து, அது மட்டும் மிஞ்சுகிறது. அதன் முட்டைகளிலிருந்து வருகிற குஞ்சுகளில் பலவும் அந்தப் பிழையோடு பிறக்கும். ஒரு வருஷத்தில் மூன்று நான்கு தலைமுறை. நாம் அடித்த மருந்து அந்தப் பிழையை உண்டாக்கவில்லை. அது இல்லாத மற்ற உண்ணிகளைத் துடைத்தெடுத்து, மாடு முழுவதையும் அதன் வாரிசுகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது.

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. உண்ணிக்கு முதலில் வந்த பெரிய மருந்து ஆர்சனிக், நம் ஊர் பாஷாணம். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தொட்டி கட்டி, அதில் பாஷாணக் கரைசலை நிரப்பி, மாடுகளை நீந்த விட்டார்கள். 1930களின் பிற்பாதியில் இரண்டு நாட்டிலும் பாஷாணத்துக்குச் சாகாத உண்ணிகள் வந்துவிட்டன. அடுத்து டி.டி.டி. அதற்கும் பத்து வருஷம்போலத்தான் மவுசு. பிறகு ஆர்கனோபாஸ்பேட், அமிட்ராஸ், பைரித்ராய்டு, ஐவர்மெக்டின் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் கதையும் ஒரே மாதிரி முடிந்தது. 2014-ல் பிரேசிலின் தெற்கு மூலையில், வெவ்வேறு வகையைச் சேர்ந்த ஆறு மருந்துகளுக்கும் சாகாத ஓர் உண்ணிக் கூட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியானது.

ஆறு மருந்தும் ஆறு விதமாக வேலை செய்பவை. ஒன்றிலிருந்து தப்பிக்கும் தந்திரம் இன்னொன்றுக்கு உதவ வேண்டிய அவசியமே இல்லை. ஒரே உயிரிடம் இத்தனை தந்திரம் எங்கிருந்து வந்தது? இதற்கான விடையில் ஒரு பகுதி உண்ணியின் பெயரிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். உண்பது உண்ணி. அதன் சாப்பாட்டுக்குப் பிறகு வருவோம். முதலில் மருந்தின் பாதையைப் பார்ப்போம்.

தோலிலிருந்து நரம்பு வரை

மாட்டின் மேல் பூசிய மருந்து உண்ணியின் மேல்தோலைத் தாண்டி, உடல் திரவத்தில் கலந்து, கடைசியில் நரம்பைப் போய்ச் சேர வேண்டும். நரம்பில் அதற்கென்று ஓர் இலக்கு இருக்கும். அங்கே போய் ஒட்டினால்தான் சாவு.

மேல்தோல் மெழுகு பூசிய தோல். சில உண்ணிகளில் அது வழியாக மருந்து மெதுவாகவே இறங்கும். இது மட்டுமே ஓர் உண்ணியைக் காப்பாற்றிவிடாது. ஆனால் மெதுவாக இறங்கினால் உள்ளே இருக்கும் மற்ற காவல்களுக்கு நேரம் கிடைக்கும்.

இலக்கில் நடப்பதுதான் இன்னும் சுவாரசியமானது. பைரித்ராய்டு வகையை எடுத்துக்கொள்வோம். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் என்று பாட்டிலில் போட்டிருக்குமே, அவை. சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுத்த நஞ்சைப் பார்த்து ஆய்வகத்தில் செய்தவை இவை. நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் நுழைவதற்கென்று நுண்ணிய வாயில்கள் உண்டு. வாயில் திறந்தால் சோடியம் பாயும், அதுவே நரம்பின் துடிப்பு. உடனே வாயில் மூடிக்கொள்ளும், துடிப்பு அடங்கும். பைரித்ராய்டு போய் அந்தக் கதவில் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கதவு மூடாது. நரம்பு ஓயாமல் துடிக்கும், உண்ணி வெட்டிவெட்டி இழுத்துச் சாகும். டி.டி.டி.யும் இதே கதவில்தான் கை வைக்கிறது.

இந்த வாயில் என்பது ஒரு புரதம். ஏறக்குறைய இரண்டாயிரம் அமினோ அமில மணிகளைக் கோத்த சங்கிலி. மெக்சிகோ நாட்டு உண்ணிகளை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை, மருந்துக்குச் சாகாதவற்றில் இந்தச் சங்கிலியின் ஒரே ஒரு மணி மாறியிருப்பதைக் காட்டியது. ஃபினைல்அலனின் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின். இரண்டாயிரத்தில் ஒன்று! அந்த மாற்றத்தால் கதவு வழக்கம்போலத் திறந்து மூடுகிறது, ஆப்பு மட்டும் சரியாகப் பொருந்துவதில்லை. பிறகு அதே சங்கிலியின் வேறோர் இடத்தில் இன்னொரு மணி மாறியும் அதே பலன் கிடைப்பது தெரிய வந்தது. இந்தியாவில் பிடித்த உண்ணிகளிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். ஆப்பு பொருந்தாத கதவில் அளவைக் கூட்டி ஊற்றிப் பயனில்லை. இரண்டு மில்லிக்குப் பதில் நாலு மில்லி ஊற்றினால் கெடுவது மாட்டின் தோலும் கலக்குகிறவரின் கையும்தான்.

மற்ற மருந்துகளுக்கும் இப்படி ஓர் இலக்கும் அதில் ஒரு மாற்றமும் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகை, நரம்புச் செய்தி முடிந்தபின் இடத்தைத் துடைத்துவிடும் ஒரு நொதியை (வேதிவினையை நடத்திக் கொடுக்கும் புரதம்) முடக்குகிறது. அந்த நொதியின் வடிவம் மாறிய உண்ணிகள் இருக்கின்றன. அமிட்ராஸ், ஆக்டோபமைன் என்ற நரம்புச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தை, அதாவது அதன் ஏற்பியை, குழப்புகிறது. அந்த ஏற்பியும் சில உண்ணிகளில் மாறியிருக்கிறது. விவரங்களுக்குள் போனால் இந்தக் கட்டுரை முடியாது.

வழிமறித்து உடைக்கும் நொதிகள்

இலக்கு மாறாத உண்ணிகளும் தப்பிக்கின்றன. நரம்பைத் தொடுவதற்கு முன்பே வழியில் மருந்தை மடக்கிப் பிடித்து உடைப்பது அவற்றின் வழி.

செல்லுக்குள் நொதிகள் பல ரகம். எஸ்டரேஸ் என்ற ரகம், பைரித்ராய்டு மூலக்கூறில் ஒரு குறிப்பிட்ட இணைப்பைக் கத்தரித்துவிடும். துண்டான மூலக்கூறு சோடியம் வாயிலைத் தொந்தரவு செய்யாது. சைட்டோகுரோம் பி450 என்ற ரகம், மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனைச் செருகி அதைத் தண்ணீரில் கரைகிற மாதிரி ஆக்கும். கரைந்தால்தானே வெளியே தள்ள முடியும்? மூன்றாவது ரகம் நச்சின் முதுகில் குளுட்டாதையோன் என்ற சின்ன மூலக்கூறை ஒட்டிவிடும். கடையில் வாங்கிய பொருளில் ‘பில் போட்டாச்சு’ என்று முத்திரை குத்துவது மாதிரிதான். முத்திரை விழுந்ததைச் செல் வாசலுக்கு அனுப்பிவிடும். இந்த நொதிகள் உண்ணிக்கு மட்டும் சொந்தமானவையும் இல்லை. நீங்கள் நேற்று விழுங்கிய தலைவலி மாத்திரையை உங்கள் கல்லீரல் இதே குடும்பத்து நொதிகளை வைத்துத்தான் கரைத்து அனுப்பியது. மருந்தைத் தாங்கும் உண்ணிகளில் இவை கூடுதலாகச் சுரக்கும், இல்லாவிட்டால் கூடுதல் வேகத்தில் வேலை செய்யும்.

ஓர் உண்ணி எந்த வழியில் தப்பிக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பைப்பரோனில் பியூட்டாக்சைடு என்றொரு பொருள், பி450 நொதிகளை முடக்கும். அதை மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். தனி மருந்துக்குச் சாகாத உண்ணி இந்தக் கலவைக்குச் செத்தால், அது பி450-ஐ நம்பித்தான் பிழைத்திருந்தது என்று அர்த்தம். அப்படியும் சாகாவிட்டால் வேறு காவலைத் தேட வேண்டும்.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. கூமாபாஸ் போன்ற சில ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பாட்டிலில் இருக்கும்வரை சாதுவானவை. உடம்புக்குள் போய், பி450 கை வைத்த பிறகுதான் அவற்றின் ஒரு கந்தக அணுவின் இடத்தில் ஆக்சிஜன் வந்து கொடிய நஞ்சாக மாறும். உடைக்கப் போன காவல்காரனே திருடனுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்த கதை. ஆகவே நொதி அதிகம் என்றால் எப்போதும் பாதுகாப்பு என்று கணக்குப் போட முடியாது. எந்த நொதி, எந்த மருந்து என்று பார்க்க வேண்டும்.

பி450 நொதியைப் பற்றி இன்னொரு சங்கதி. அதன் நடு மையத்தில் ஹீம் என்ற மூலக்கூறு இருக்கும். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற அதே ஹீம். உண்ணியின் சாப்பாட்டுக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ரத்தம் என்னும் சாப்பாடு

சிவப்பணுக்களில் நிறைந்திருக்கும் புரதம் ஹீமோகுளோபின். ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நான்கு ஹீம். ஒவ்வொரு ஹீமின் நடுவிலும் ஓர் இரும்பணு. புரதத்துக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்வரை ஹீம் ஆக்சிஜன் சுமக்கும் நல்ல வேலைக்காரன். புரதத்தைச் செரித்து, ஹீமைத் தனியே அவிழ்த்துவிட்டால் அது வேறு ஆள். அதன் இரும்பு, கண்டபடி வினைபுரியும் ஆக்சிஜன் துகள்களைக் கிளப்பிவிடும். அவை செல்லின் கொழுப்புச் சவ்வுகளை அரிக்கும். எண்ணெய் சிக்குப்பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம், உயிருள்ள செல்லுக்குள் நடக்கிறது என்பதுதான் வித்தியாசம். சுதந்திரமான ஹீம் நஞ்சு.

ரத்தம் குடிக்கும் எல்லா உயிர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. மலேரியாக் கிருமி ஹீமைக் கட்டிகட்டியாகப் படிக வைத்து ஓரமாகப் போட்டுவிடும். (குளோரோகுயின் மாத்திரை அந்தப் படிகம் உண்டாகாமல் தடுத்துத்தான் கிருமியைக் கொல்கிறது.) கொசு, குடித்த ரத்தத்தைக் குடல் குழாயின் நடுவிலேயே செரிக்கும். குடலின் செல்களுக்கும் ரத்தத்துக்கும் இடையே ஒரு மெல்லிய உறை இருப்பதால் ஹீமின் பெரும்பகுதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

உண்ணி அப்படிச் செய்வதில்லை. அதன் குடல் குழாயில் செரிமானம் கிட்டத்தட்ட கிடையாது, அது வெறும் தொட்டி. குடலின் சுவரில் இருக்கும் செரிமான செல்கள் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமக்குள்ளேயே விழுங்கி, உள்ளே அமிலம் நிரம்பிய சின்னச் சின்னப் பைகளில் வைத்துச் செரிக்கின்றன. சமையல்கட்டில் அரைக்க வேண்டியதைப் படுக்கையறையில் வைத்து அரைக்கிற மாதிரி. அவிழ்ந்து வருகிற ஹீம் முழுவதும் செல்லின் நடுவீட்டில் வந்து விழும். தன் எடைக்கு நூறு மடங்கு ரத்தம் குடித்த உண்ணியின் ஒவ்வொரு செரிமான செல்லும் எவ்வளவு ஹீமைச் சமாளிக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். குடித்த ரத்தத்திலிருக்கும் தண்ணீரில் பெரும்பங்கை எச்சில் வழியாக மாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடும் ஜீவன் இது. ஆக உள்ளே தங்குவது சுண்டக் காய்ச்சிய ரத்தம்.

மனித உடம்பு வேண்டாத ஹீமை ஒரு நொதியால் உடைத்து, இரும்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மஞ்சள் நிறமாக வெளியேற்றும். அடிபட்ட இடம் முதலில் கருநீலமாகி, பிறகு பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறுவது அந்த நொதியின் கைவேலைதான். உண்ணியிடம் அந்த நொதியே கிடையாது.

தலைகீழான இன்னொரு குறையும் இருக்கிறது. ஏறத்தாழ எல்லா விலங்குகளும் தமக்கு வேண்டிய ஹீமைத் தாமே தயாரித்துக்கொள்ளும். மாட்டு உண்ணியால் அது முடியாது என்று பிரேசில் ஆய்வாளர்கள் 1999-ல் கண்டுபிடித்தார்கள். தயாரிப்பு வழியே அதனிடம் விட்டுப்போயிருக்கிறது. 2016-ல் ஐரோப்பாவின் இன்னோர் உண்ணி இனத்திலும் இதையே காட்டினார்கள்: ஹீமோகுளோபின் நீக்கிய உணவைக் குடித்த பெண் உண்ணிகள் முட்டையிட்டன, ஆனால் அந்த முட்டைகளில் குஞ்சு உருவாகவில்லை. உணவில் ஹீமோகுளோபினைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

அதாவது, உண்ணிக்கு ஹீம் இல்லாமல் வாழ்வும் இல்லை, ஹீமோடு வாழ்வதும் ஆபத்து. சற்று முன் பார்த்த பி450 நொதிக்கும் ஹீம் வேண்டும். சொந்தத் தயாரிப்பு இல்லாதபோது அது தாய் முட்டையில் வைத்துக் கொடுத்ததாகவோ தான் குடித்த ரத்தத்திலிருந்து எடுத்ததாகவோதான் இருக்க முடியும். உங்கள் மாட்டின் மேல் நீங்கள் பூசிய மருந்தை உடைக்கிற கருவியின் மையத்தில் இருப்பது மாட்டு ரத்தம். இதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கிடங்கும் பம்பும்

செல்லுக்குள் வந்து குவியும் ஹீமை உண்ணி என்ன செய்கிறது? ஹீம் பிடிக்கும் புரதங்களைக் கொண்டு ஒரு சிறு பங்கைத் தன் உறுப்புகளுக்கும் முட்டைகளுக்கும் அனுப்புகிறது. மீதியை, அதாவது மிகப் பெரும்பகுதியை, செல்லுக்குள்ளேயே தனியாக ஒரு பையில் திணித்துப் பூட்டிவிடுகிறது. இந்தப் பைக்கு ஹீமோசோம் என்று பெயர். 2003-ல் ரியோ டி ஜெனீரோ ஆய்வாளர்கள் அதை விவரித்தார்கள். ரத்தம் குடித்த உண்ணியின் செரிமான செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் கருப்புக் கருப்பாக அடைந்து கிடப்பவை இவைதான். உள்ளே போனது திரும்பி வராது. குப்பைக் கிடங்கு.

கிடங்குக்குள் ஹீமை யாராவது தூக்கிப் போட வேண்டுமே. அங்கேதான் பம்பு வருகிறது. ஏபிசி கடத்திகள் என்று ஒரு பெரிய புரதக் குடும்பம் இருக்கிறது. சவ்வில் குறுக்கே பதிந்து நிற்கும். செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து, ஒரு பக்கம் இருப்பதைப் பிடித்து மறுபக்கம் தள்ளும். இந்தக் குடும்பத்தில் சிலருக்கு ஒரு விசேஷ குணம்: தள்ளுகிற சரக்கு இன்னதுதான் என்று அவ்வளவு கறார் பார்ப்பதில்லை. எண்ணெய்ப்பசை உள்ளதாக, ஓரளவு பெரியதாக இருந்தால் போதும், அள்ளிப் போட்டுவிடும்.

இந்தக் குணம் முதலில் தெரிய வந்தது புற்றுநோய் ஆய்வில். ஒரு மருந்துக்குச் சாகாத செல்கள் சம்பந்தமே இல்லாத வேறு மருந்துகளுக்கும் சாகாமல் இருப்பது மருத்துவர்களைக் குழப்பிக்கொண்டிருந்தது. 1976-ல் அத்தகைய செல்களின் சவ்வில் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பைக் கண்டார்கள். உள்ளே வந்த மருந்தை வந்த வழியே வெளியே இறைத்துக்கொண்டிருந்தது அது.

இதே பம்பு நம் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரிலும் காவல் நிற்கிறது. அது தெரிந்த விதம் ஒரு விபத்து. 1990களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் இந்தப் பம்பு இல்லாத எலிகளை உருவாக்கியிருந்தார்கள். கூண்டில் சிற்றுண்ணித் தொல்லை வரவே, வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பம்பு இல்லாத எலிகள் செத்து விழுந்தன. ஐவர்மெக்டின் அவற்றின் மூளைக்குள் தடையில்லாமல் போய்விட்டிருந்தது. கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு இந்தப் பம்பு பிறவியிலேயே பழுதாகியிருப்பதால் அவற்றுக்கு ஐவர்மெக்டின் கொடுக்க மருத்துவர்கள் பயப்படுவதும் இதே காரணத்தால்தான்.

உண்ணிக்கு வருவோம். ஐவர்மெக்டினை மாட்டுக்கு ஊசியாகப் போடுகிறோம். அது ரத்தத்தில் கலந்து, உண்ணி குடிக்கும்போது உள்ளே போகிறது. போய்ச் சேரும் முதல் இடம் ஹீமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அதே குடல்தான். 2011-ல் பிரேசிலில், ஐவர்மெக்டினுக்குச் சாகாத உண்ணிகளுக்கு அந்த மருந்தோடு பம்பை முடக்கும் பொருட்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று சைக்ளோஸ்போரின், சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள் சாப்பிடுகிற மருந்து. பம்பு அடங்கியதும் சாகாத உண்ணிகள் சாக ஆரம்பித்தன. அடுத்து, உண்ணிக் கருவிலிருந்து எடுத்த செல்களைக் குடுவையில் வளர்த்து, ஐவர்மெக்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கினார்கள். (இங்கே ‘பழக்கம்’ என்ற சொல் ஓரளவு பொருந்தும்தான், அங்கேயும் தாங்காத செல்கள் செத்துக் கழிந்துகொண்டேதான் இருக்கும்.) தேறி வந்த செல்களிலும் பம்புகள் கைகொடுப்பது 2014-ல் வெளியான அவர்கள் ஆய்வில் தெரிந்தது. முழு உண்ணியும் வேண்டாம், நரம்பும் வேண்டாம், தனிச் செல்லே தன்னைக் காத்துக்கொள்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது 2015-ல் வந்த ஆய்வு. செரிமான செல்லில் ஹீமை ஹீமோசோமுக்குள் தள்ளுவது யார் என்று தேடிப் போனவர்கள் பிடித்தது ஏபிசிபி10 என்ற ஒரு பம்பை. சைக்ளோஸ்போரின் கொடுத்தால் ஹீம் கிடங்குக்குப் போவது தடைப்பட்டது. அதே பம்பு அமிட்ராஸ் மருந்தையும் பிடித்து அதே கிடங்கில் போட்டுப் பூட்டுவதையும் அவர்கள் கண்டார்கள். உடைக்கவும் இல்லை, வெளியே துப்பவும் இல்லை. குப்பையோடு குப்பையாகப் போட்டு மூடியாயிற்று.

அமிட்ராஸ் நமக்குத் தெரிந்து ஐம்பது வருஷச் சங்கதி. உண்ணி ரத்தம் குடிப்பது கோடிக்கணக்கான வருஷப் பழக்கம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் வருகிற நஞ்சை அள்ளிக் கொட்டுவதற்கென்று கட்டி வைத்த ஏற்பாட்டில்தான் நம் மருந்தும் போய் விழுகிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மருந்துகளை ஒரே உண்ணி தாங்குவதற்கு, மருந்துக்கு ஒன்றாகச் சேர்ந்த மரபணுப் பிழைகளோடு, இப்படிப்பட்ட பொதுவான பம்புகளும் ஒரு காரணம்.

அப்படியானால் பம்பை அடைத்துவிடலாமே?

இதைப் படித்த எவருக்கும் வருகிற யோசனைதான். மருந்தோடு பம்பை முடக்கும் பொருளையும் கலந்துவிட்டால் போயிற்று. ஆய்வகத்துக் குஞ்சுகளிடம் பலிக்கிறது. மாட்டிடம் செய்ய முடியாது. மாட்டின் மூளை வாசலிலும் அதே குடும்பத்துப் பம்பு காவல் நிற்கிறது. அதை முடக்கிவிட்டு ஐவர்மெக்டின் போட்டால் அந்த நெதர்லாந்து எலிகளுக்கு நேர்ந்தது மாட்டுக்கு நேரலாம். உண்ணியின் பம்பை மட்டும் பிடிக்கிற, மாட்டின் பம்பைத் தொடாத பொருள் வேண்டும். ஹீம் கிடங்குக்கான வழியை அடைத்தால் மருந்தே இல்லாமல்கூட உண்ணியைத் தன் சாப்பாட்டாலேயே கொல்லலாம் என்பதால் அந்தத் திசையில் ஆர்வம் இருக்கிறது.

அதுவரை கைவசம் இருக்கும் மருந்தைச் சீக்கிரம் வீணாக்காமல் இருப்பதுதான் வழி. பாட்டிலில் போட்ட அளவுக்குக் குறைத்துக் கலந்தால், அரைகுறையாகத் தாங்கும் உண்ணிகள் பிழைத்து முட்டையிடும். ஒரு மருந்து கைவிட்டால் பெயர் மாறிய பாட்டில் வாங்குவதில் பயனில்லை, வகை மாற வேண்டும். டெல்டாமெத்ரினுக்குச் சாகாததற்கு சைபர்மெத்ரின் வாங்குவது, அதே ஆப்பை அதே கதவில் அடிப்பதுதான். ஐவர்மெக்டின் ஊசி பாலில் இறங்கும் என்பதால் கறவை மாட்டுக்கு மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. பாட்டியின் கொட்டாங்குச்சியையும் நான் கேலி செய்ய மாட்டேன். கையால் பிடுங்கிப் போட்ட உண்ணிக்கு எந்த மரபணு மாற்றமும் உதவாது. கீழே விழப்போகும் ஒரு பெண் உண்ணியைப் பிடுங்கினால் மூவாயிரம் முட்டை மிச்சம்.

வேறொரு வழியில் யோசித்தவர்களும் இருக்கிறார்கள். உண்ணியின் செரிமான செல்லின் மேற்பரப்பில் பிஎம்86 என்றொரு புரதம் இருக்கிறது. அதைத் தடுப்பூசியாக மாட்டுக்குப் போட்டால், மாட்டின் ரத்தத்தில் அதற்கு எதிரான பொருட்கள் ஊறும். 1990களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் இந்தத் தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. எல்லா நாட்டு உண்ணிகளிடமும் ஒரே மாதிரி பலிப்பதில்லை என்பது உண்மை. பலிக்கிற இடத்தில் நடப்பது இதுதான்: ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தை உண்ணி வழக்கம்போலக் குடிக்கிறது, ரத்தத்தோடு வந்த எதிர்ப்பொருட்கள் குடல் செல்களைப் பிடித்துச் சிதைக்கின்றன, குடல் ஓட்டையாகி, குடித்த ரத்தம் உடம்புக்குள் கசிகிறது. ஈய நிறத்தில் பளபளவென்று உருண்டிருக்க வேண்டிய உண்ணி சிவந்துபோய்க் கீழே விழுகிறது.